மண்வேலைக்கும் ஒரு சான்றிதழ்

பினாங்கில் தண்ணீர்மலை என்றால் நமக்கு முருகன் கோயில்தான் நினைவுக்கு வரும். தைப்பூசத்தன்று ஜார்ஜ்டவுனிலிருந்து காவடியோடு நடந்து வருகிற கூட்டம் கோயிலோடு நின்றுவிடுகிறது. ஜாலான் கெபுன் புங்கா என்ற அந்தச் சாலை நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போய், பூந்தோட்டத்து வாசலில்தான் முடிகிறது. அந்த வாசலுக்குள் காலை நடைக்குப் போகிறவர்கள் உண்டு. பிள்ளைகளுக்குக் குரங்கு காட்டப் போகிறவர்கள் உண்டு. நாகலிங்க மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ‘என் பிள்ளை இப்படி ஓர் இடத்தில் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று நினைத்து உள்ளே போன பெற்றோரை மட்டும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்த நினைப்பு நம் வீடுகளில் வர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1884இல் அந்தத் தோட்டத்தை உருவாக்க வந்தவர் சார்லஸ் கர்டிஸ். கருங்கல் உடைத்துவிட்டுப் போன பள்ளமும் காடும்தான் அவருக்குக் கிடைத்தன. அவர் நர்சரியிலிருந்து வந்த மனிதர். இங்கிலாந்தில் டெவன் பக்கத்துப் பார்ன்ஸ்டேபிள் என்ற சிற்றூரில் பிறந்து, உள்ளூர் நர்சரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1874இல் லண்டன் செல்சியிலிருந்த வீச் குடும்பத்தாரின் பெரிய நர்சரிக்குப் போனார். அவர்கள் அவரைச் செடி தேடி மடகாஸ்கருக்கும் போர்னியோவுக்கும் அனுப்பினார்கள். மண் கலக்கவும், விதை முளைக்க வைக்கவும், நீண்ட கடற்பயணத்தில் செடியைச் சாகாமல் கொண்டுவரவும் கைவேலையாகக் கற்ற ஆள் அவர். இன்று உலகமே வந்து பார்க்கிற தோட்டம் அந்தக் கைவேலையில் எழுந்தது.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு நான் கர்டிஸ் கதையைவிட முகமது ஹனிஃப் கதையைத்தான் அதிகம் சொல்வேன். கர்டிஸ் காலத்தில் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்க்காரர் ஹனிஃப். மேற்பார்வையாளராக உயர்ந்தார். மலைக்காடுகளில் அலைந்து செடிகளைச் சேகரித்தார். கம்பத்து மலாய்க்காரர்கள் எந்த இலையை எந்த நோய்க்கு அரைத்துப் பூசுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டறிந்தார். 1930இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ஆய்விதழில் மலாய்க் கிராம மருத்துவம் பற்றி ஒரு பெரிய கட்டுரை வந்தது. அதன் ஆசிரியர்கள் இருவர். ஒருவர் அந்தத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த பர்கில். மற்றவர் ஹனிஃப். அதே ஆண்டில் ஹனிஃப் காலமானார். இருபது ஆண்டு கழித்து, ஹோல்ட்டம் என்ற தாவரவியலாளர் இஞ்சிக் குடும்பத்தில் ஒரு புதிய பேரினத்தைப் பதிவு செய்தபோது அதற்கு ‘ஹனிஃபியா’ என்று பெயர் வைத்தார். ஒரு செடிக்கு அல்ல, ஒரு பேரினத்துக்கே பினாங்குத் தோட்டத்து ஊழியர் ஒருவரின் பெயர். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டிய செய்தி இது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே தோட்டத்துக்கு உள்நாட்டவர் ஒருவர் காப்பாளராக வர 1956 வரை ஆனது. சியாங் கோக் சோய் அந்தப் பொறுப்புக்கு வந்தபோது தோட்டத்துக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அதுவரை அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலருக்குப் பின்னால் ஒரு பயிற்சி இருந்தது, அதைச் சொல்லும் காகிதமும் இருந்தது. இங்கே குனிந்து வேலை செய்தவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது, காகிதம் இல்லை. இந்த வித்தியாசம் நம் சமூகத்தின் கதையும்கூட. ரப்பர்த் தோட்டத்தில் நாற்றுமேடை போட்டது நம்மவர்கள். ஒட்டுக் கட்டியது நம்மவர்கள். நகராண்மைக் கழகத்தின் புல்லை வெட்டியதும், சாலையோர மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியதும் நம்மவர்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்த அத்தனைக்கும் சம்பளச் சீட்டில் விழுந்த பெயர் ‘கூலி’ என்பதுதான். வேலையைக் குறைவாகச் செய்ததால் அல்ல. செய்தது ஒரு தொழில் என்று எழுதித் தர யாரும் இல்லாததால்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது பூங்காக்களையும் பெரிய வீட்டுத் தோட்டங்களையும் குத்தகைக்கு எடுத்துப் பராமரிக்கும் ஒரு சீனத் தவுக்கேயிடம். அங்கே மண்டோராக இருந்த பெரியவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது நடுவதையோ வெட்டுவதையோ அல்ல, தண்ணீர் ஊற்றுவதை. சிரிக்காதீர்கள். நர்சரியில் சாகிற செடிகளில் பெரும்பங்கு தண்ணீரால் சாகிறது. குறைவாக ஊற்றியதைவிடக் கூடுதலாக ஊற்றிச் சாகிறதுதான் அதிகம். அவர் வரிசையில் நடந்துகொண்டே ஒவ்வொரு தொட்டியையும் ஒரு விரற்கடை தூக்கிப் பார்த்து வைப்பார். கனமாக இருந்தால் தாண்டிப் போவார், இலேசாக இருந்தால் ஊற்றுவார். மண்தொட்டி என்றால் விரல் முட்டியால் தட்டுவார். காய்ந்த தொட்டி கணீரென்று ஒலிக்கும், ஈரத் தொட்டி மந்தமாக ஒலிக்கும். இங்கிலாந்தின் பழைய தோட்டக்காரர்கள் இதற்கென்றே ஒரு சிறிய மரச்சுத்தியல் வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் மண்டோருக்கும் கடல் தாண்டி இருந்தவர்களுக்கும் ஒரே காது இருந்திருக்கிறது.

இப்படிக் கையும் காதும் கற்பதைப் புத்தகம் தராது. உண்மை. ஆனால் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு ‘படிப்பு எதற்கு, அனுபவம் போதும்’ என்று பேசுகிற என் வயதுக்காரர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அனுபவம் நல்லதைக் கைமாற்றுவது போலவே தப்பையும் கைமாற்றும்.

மரக்கிளை வெட்டுவதையே எடுத்துக்கொள்வோம். எங்கள் காலத்தில் கிளையைத் தண்டோடு தண்டாக மழித்து வெட்டுவதுதான் சுத்தமான வேலை. வெட்டிய வாயில் தார் பூசுவது அதைவிடச் சுத்தமான வேலை. எல்லா மண்டோர்களும் அப்படித்தான் கற்றிருந்தார்கள், அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். அமெரிக்க வனத்துறையில் வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் மரங்களை நெடுக அறுத்து அறுத்துப் பார்த்து, 1970களிலும் 80களிலும் வேறு ஒன்றைக் காட்டினார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. காயத்தை உள்ளிருந்து அடைத்து, அழுகல் பரவாமல் தடுக்கும் வேலையை அந்த இடம் செய்கிறது. அதை மழித்துவிட்டால் மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியை நாமே வெட்டி எறிகிறோம். தார் பூசுவதால் அழுகல் நிற்பதும் இல்லை. புடைப்பை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். கனத்த கிளையானால் மூன்று வெட்டு. முதலில் தண்டிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கீழிருந்து பாதி, அதற்கும் அப்பால் மேலிருந்து முழுதும், கடைசியில் மிஞ்சிய குட்டையைப் புடைப்பை ஒட்டி. முதல் வெட்டு இல்லாவிட்டால், கிளை விழுகிற வேகத்தில் தண்டின் பட்டையையும் நாராக உரித்துக்கொண்டு போகும்.

பினாங்கில் இது பெரிய விஷயம். தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலே பந்தல் போட்டு நிற்கிற ஊர் இது. அவற்றின் கீழே பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள், மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன. 2017 நவம்பரில் அடித்த புயல்மழையில் தீவு முழுக்க மரங்கள் சாய்ந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். எந்த மரம் உள்ளே பொந்தாகிவிட்டது, எந்தக் கிளை அடுத்த காற்றுக்குத் தாங்காது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அதைச் சங்கிலிவாள் பிடித்தவர் எல்லாரும் சொல்லிவிட முடியாது. மரப் பராமரிப்புக்கு ஐ.எஸ்.ஏ. என்ற பன்னாட்டுச் சங்கம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. தேர்வு எழுத மூன்று ஆண்டு முழுநேர வேலை அனுபவம் இருந்தால் போதும், பட்டம் கட்டாயமில்லை. அந்தச் சான்றிதழோடு மலேசியாவில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்க முடியும்.

இன்னொன்று சாதிக்காய். பினாங்கின் சொந்தப் பயிர் என்றே நினைக்கிறோம். உண்மையில் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்து வைத்தது. கம்பெனி அதற்காக அனுப்பிய கிறிஸ்டோபர் ஸ்மித்தும் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்றவர்தான். 1800 வாக்கில் ஆயர் ஈத்தாம் பள்ளத்தாக்கில் அதற்காகவே ஒரு தோட்டம் எழுந்தது. சில ஆண்டுகளிலேயே அதை விற்றுவிட்டார்கள். ஆனாலும் தீவில் சாதிக்காய் பரவியது, பல துரைமார்களையும் தவுக்கேக்களையும் செழிக்க வைத்தது. 1850களின் கடைசியில் ஒரு நோய் புகுந்தது. சில ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் அழிந்தன. கையில் அனுபவம் இருந்தவர்களால் அதை நிறுத்த முடியவில்லை.

சாதிக்காயில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதை போட்டு வளர்த்தால் முதல் பூ வரும்வரை எது எதுவென்று தெரியாது. அதற்கு ஆறேழு ஆண்டு பிடிக்கும். அத்தனை நாள் உரம் போட்டு, களை எடுத்துக் காத்திருந்த பிறகு பாதி மரங்கள் ஆணாக நின்றால் ஒரு சிறு விவசாயியின் குடும்பம் என்ன செய்யும்? நல்ல பெண்மரத்தின் கிளையை எடுத்து இளநாற்றில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் அந்தக் காத்திருப்பையே இல்லாமல் செய்துவிடுகிறார். ரம்புத்தானிலும் இதே கதை. விதைக்கன்றில் கணிசமானவை காய்க்காத ஆண்மரமாகிவிடும். டுரியானில் விலை நிற்பதே இனத்தில்தான். டி24, மூசாங் கிங் என்று பெயர் சொல்லி விற்க வேண்டுமானால், கன்று அந்தத் தாய்மரத்தின் மொட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். பாலிக் புலாவ் தோட்டங்களில் ஒட்டுக் கட்டத் தெரிந்த கைக்கு இன்றைக்கும் மரியாதை இருக்கிறது. கத்தியைக் கூராக வைத்திருப்பது, பட்டைக்கு அடியில் இருக்கும் வழுவழுப்பான பச்சைப் படலம் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வைப்பது, காய்வதற்குள் கட்டி முடிப்பது: இந்த மூன்றும் கைக்கு வர நூற்றுக்கணக்கான கன்றுகள் பாழாக வேண்டும். பயிற்சி நிலையத்தில் பாழாகட்டும். அதற்குத்தான் அந்த இடம்.

மருந்தடிப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரையை எழுதிப் பயனில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மருந்து டின்னை முதுகில் சுமந்து நிரை நிரையாகப் போனவர்கள் பெரும்பாலும் நம் அம்மாக்களும் அக்காக்களும். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அடித்தார்கள். நகம் கறுத்து உதிர்ந்தது, மூக்கில் இரத்தம் வந்தது. டின்னின் மேல் இருந்த எச்சரிக்கையை வாசிக்க யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவர்கள் அடித்ததில் பராகுவாட் என்ற களைக்கொல்லியும் ஒன்று. உடலுக்குள் போய்விட்டால் அதற்கு மாற்றுமருந்து இல்லை. 2002இல் அரசாங்கம் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடைசெய்தது. பூச்சிக்கொல்லிகளுக்கு எதிராகப் பல நாடுகளில் வேலை செய்யும் பான் ஆசிய பசிபிக் அமைப்பின் தலைமையகம் இதே பினாங்கில் இருக்கிறது. 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் இருந்த காலத்திலிருந்தே விஷமில்லாத விவசாயத்தைப் பேசியும் பயிற்றுவித்தும் வருகிறது. இவர்கள் குரல் கொடுத்திராவிட்டால் இன்னும் எத்தனை பேர் அந்த டின்னைச் சுமந்திருப்பார்களோ.

முறையான பயிற்சியில் மருந்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. எதை எவ்வளவு கலப்பது, காற்று எந்தப் பக்கம், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிப்பது, காலி டின்னை என்ன செய்வது, முதலில் மருந்து தேவைதானா என்பதுவரை. இதைப் படித்த பிள்ளை, ‘கையுறை இல்லாமல் அடிக்க மாட்டேன்’ என்று முதலாளியிடம் சொல்லும். நம் அம்மாக்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பயிற்சியின் எல்லாப் பலன்களிலும் நான் இதையே முதலில் வைப்பேன்.

எங்கே போய்ப் படிப்பது? இந்த நாட்டில் விவசாயக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1931இல் செர்டாங்கில் தொடங்கிய விவசாயப் பள்ளி 1947இல் கல்லூரியாயிற்று. 1971இல் அதுவே இன்றைய புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமானது. பல்கலைக்கழகம் வரை போகாதவர்களுக்கு விவசாய இலாகாவின் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பாலத்துக்கு அந்தப் பக்கம், கெப்பாளா பத்தாஸ் அருகே பும்போங் லீமாவில் இருக்கிறது. இவை தவிர, திறன் மேம்பாட்டு இலாகா தரும் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழும் இருக்கிறது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. எஸ்.பி.எம். தாளில் எழுத்துகள் சரியாக விழாத பிள்ளையும் முதல் நிலையில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறலாம்.

இதில் நான் பெரிதும் நம்புவது எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறையை. ஜெர்மனியைப் பார்த்து 2005இல் இங்கே தொடங்கியது. நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல்கூட வேலையிடத்தில் போகும், மீதி வகுப்பில். முன்பு மண்டோர் தந்ததையும் மண்டோரால் தர முடியாததையும் ஒருசேரத் தருகிற ஏற்பாடு இது. காலையில் தொட்டியைத் தூக்கிப் பார்த்தவன், அந்த மண் ஏன் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, தேங்காய்நார்த் தூளையும் உமிக்கரியையும் எந்த அளவில் கலந்தால் வடியும் என்பதை வகுப்பில் கேட்கிறான். இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கும்போது மனத்தில் பதிகிறது.

சம்பளத்தைப் பற்றி மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டித்தான் இருக்கும். 2025 பிப்ரவரியில் அது 1,700 ரிங்கிட் ஆனது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓவர்டைம் பார்க்கிற நண்பன் முதல் இரண்டு மூன்று ஆண்டு உங்கள் பிள்ளையைவிட அதிகமாகக் கொண்டுவருவான். 1972இல் அந்தப் பேட்டை வந்ததிலிருந்து நம் குடும்பங்களை அது தூக்கிவிட்டிருக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1989இல் அந்தத் தொழிற்சாலைகளுக்காகவே பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டது. எத்தனையோ பேர் அங்கே பயிற்சி எடுத்து ஆப்பரேட்டரிலிருந்து டெக்னீஷியன் ஆனார்கள். பயிற்சி ஓர் ஆளின் இடத்தை மாற்றும் என்பதை அங்கே கண்ட நாம், செடி வேலைக்கு மட்டும் பயிற்சி தேவையில்லை என்று ஏன் நினைக்கிறோம்? தெலுக் பஹாங்கில் கைவிடப்பட்ட பழைய ரப்பர்த் தோட்டத்தை வாசனைப் பயிர்த் தோட்டமாக்கி 2003இல் திறந்தார்கள். கொடிமலையை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஹோட்டல்கள், அடுக்குமாடிகள், மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் தோட்டம் இருக்கிறது. இத்தனைக்கும் ஆள் வேண்டும், தெரிந்த ஆள் வேண்டும்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் ‘வெயிலில் கறுத்துவிடுவாள்’ என்கிறார்கள். லண்டன் கியூ தோட்டம் 1896இலேயே பெண்களைத் தோட்டக்காரர்களாகச் சேர்த்தது. சுவான்லி தோட்டக்கலைக் கல்லூரியில் படித்து வந்தவர்கள் அவர்கள். நம் பாட்டிகள் இந்த மலாயாவில் அதற்கும் முன்பிருந்தே வெயிலில் நின்றவர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் இருக்கவில்லை. பேத்தி விரும்பிக் கேட்கும்போது தடுக்காதீர்கள். நாற்று வளர்ப்பிலும் ஆர்க்கிட் வளர்ப்பிலும் ஒட்டுக் கட்டுவதிலும் பொறுமையான கை எங்கே இருக்கிறது என்று தொழிலில் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வேலைநாளில் போங்கள். நாற்றங்காலைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர் கையில் மண் இருக்கிறதா, கத்திகள் தீட்டப்பட்டிருக்கின்றனவா, மருந்துக் கொட்டடி பூட்டியிருக்கிறதா, கையுறையும் பூட்ஸும் ஆளுக்கொன்று தருகிறார்களா என்று பாருங்கள். அந்தப் பயிற்சி திறன் மேம்பாட்டு இலாகாவின் அங்கீகாரம் பெற்றதா, எந்த நிலை வரை என்று எழுத்தில் கேளுங்கள். பயிற்சி முடித்த பழைய மாணவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரோடு பேசுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே இந்த வேலையில் நரைத்துப்போன தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும். உங்களுக்கும் வழி இருக்கிறது. முன்னனுபவத்தை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் பி.பி.தி. என்ற முறை அதே இலாகாவில் உண்டு. மறுபடி வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. நீங்கள் செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார், கேட்பார். அதனால் இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள்: வேலை செய்யும்போது எடுத்த படங்கள், முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, தோட்டம் நடுவதற்கு முன்பும் வளர்ந்த பின்பும் எடுத்த படங்கள். படிவம் மலாயில் இருக்கும். தடுமாற்றமாக இருந்தால் வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்புங்கள். அப்பா என்ன வேலை செய்கிறார், அம்மாவுக்கு என்னென்ன தெரியும் என்பதை அந்தப் பிள்ளையும் வரி வரியாக எழுதித் தெரிந்துகொள்ளட்டும்.